ஹோட்டலில் கொட்டு வாசித்தவர்

கல்யாணமான அந்த வாரத்திலேயே, அம்மா எனக்குச் சீராகக் கொடுத்த புது அலுமினியக் குண்டாவில் ஒரு தோல் ஊறிக்கொண்டிருந்தது. உலை வைக்கலாம் என்று மூடியைத் திறந்தவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். வெள்ளையாக, வழவழவென்று, பொரிக்காத பெரிய அப்பளம் ஒன்றைத் தண்ணீரில் போட்டு வைத்த மாதிரி கிடந்தது.

தாராவியில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தோல் ஒன்றும் அதிசயமில்லை. எங்கள் தெருவைத் தாண்டினால் தோல்ஷாப்புகள்தான். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்பதை மூக்கை வைத்தே சொல்லிவிடுவோம். ஆனால் அடுப்படியில், அதுவும் சோற்றுப் பாத்திரத்தில் தோலைப் பார்த்தது அன்றுதான்.

"இது என்னது?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடி முன் நின்று சவரம் செய்துகொண்டிருந்தார். "கன்னுக்குட்டித் தோலு. தொடாத பிள்ள, நல்லா ஊறட்டும்."

"என்னத்துக்கு?"

"நாளைக்கு வேலைக்கு வேணும்."

"ஹோட்டல் வேலைக்கா?"

"ஆமா" என்றவர், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்பது போலக் கத்தியைத் தாடையில் வைத்தார்.

சம்பந்தம் பேசியபோது மாப்பிள்ளைக்கு ஹோட்டலில் உத்தியோகம், சாயங்கால ஷிப்டு என்றுதான் சொன்னார்கள். சர்ச்கேட் பக்கம் பெரிய ஹோட்டல் என்றார்கள். காட்டிய போட்டோவில் அவர் கறுப்புக் கோட்டும் கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு டையும் போட்டிருந்தார். என் அப்பா தாராவித் தமிழ்க் கிறிஸ்தவக் கோவிலில் உபதேசியார். கோட்டைப் பார்த்ததும் மேனேஜர் வேலையாகத்தான் இருக்கும் என்று அவரே முடிவு செய்துகொண்டார். யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் விவரமாகக் கேட்கவும் இல்லை.

எனக்குக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. ஆனால் அந்தப் பழக்கம் வேலைக்குப் போகுமுன்பே வந்தது. மறுநாள் காலையில் அவர் தரையில் சம்மணமிட்டு, அந்த ஈரத் தோலை ஒரு மரவளையத்தின் மேல் விரித்து, கரண்டிக் காம்பால் ஓரத்தை வளையத்துக்கு அடியில் சொருகிச் சொருகிச் சுற்றி வந்தபோது எதிரில் உட்கார்ந்துவிட்டேன். புடவைக்குக் கொசுவம் வைக்கிற மாதிரி பொறுமையாகச் செய்தார்.

"இது கொட்டுக்குல்லா?"

"டிரம்முக்கு."

"ஹோட்டல்ல டிரம்மு அடிக்கியளா?"

"ஆமா. பாண்டுல." நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் அழப்போகிறேனா, அப்பா வீட்டுக்குப் புறப்படப்போகிறேனா என்று பார்த்திருப்பார் போல. "ஜாஸுன்னு சொல்லுவாங்க."

"அது என்ன பாஷை?"

கொஞ்சம் யோசித்தார். "பாஷை கிடையாது. ரொம்பப் பாடவும் மாட்டாங்க. வாசிக்கதுதான்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும் என்று பின்னால் பலர் சொன்னார்கள். வரவில்லை. மேனேஜருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தால் கேட்பதற்கு அப்படி என்ன கேள்வி இருந்திருக்கும்? இப்போதோ ஆயுசுக்கும் கேட்கலாம் போலிருந்தது.

கேட்கக் கேட்க விவரம் வந்தது. அவருடைய அப்பா தோல்ஷாப்பில் வேலை பார்த்தவர். கோவாக்கார வாத்தியக்காரர்கள் டிரம்முக்குப் பதனிடாத தோல் தேடித் தாராவிக்கு வருவார்கள். மெல்லிசாக, எங்கேயும் தழும்பில்லாத தோலாகப் பொறுக்கி, டிராமோ டாக்சியோ கிடைத்ததில் ஏற்றி அவர்களுக்குக் கொண்டு கொடுப்பது இவர் வேலையாயிற்று. கிறிஸ்துமஸ் பவனியில் கோவில் பாண்டில் சின்ன டிரம் அடிக்கிறவர் என்பதால், தோலை மாட்டியதும் சரியாக இருக்கிறதா என்று இவரையே தட்டிப் பார்க்கச் சொல்வார்கள். ஒருமுறை ஹோட்டல் பாண்டின் டிரம்மர் கப்பல் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார். பியானோ வாசிக்கிற தலைவர், ஆள் கிடைக்கும்வரை இரு என்று இவரை உட்கார வைத்தார். ஆள் கிடைக்கவே இல்லை. அப்படியே ஏழெட்டு வருஷமாக இருக்கிறார்.

எங்கள் வீடு ஒற்றை அறை. பம்பாய்க்காரர்கள் கோலி என்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் மில்லில் ராத்திரி ஷிப்டு பார்க்கிற ஒரு மராட்டிக்காரர் பகலெல்லாம் தூங்குவார். இவருக்கோ சாதகம் செய்யப் பகல்தான் உண்டு. பலகையில் டயர் ரப்பரை அறைந்து, அதில் குச்சிகளால் தட்டுவார். சத்தம் அதிகமில்லை, பல்லி கொட்டுகிற அளவுதான். ஆனாலும் சுவரில் பொத்தென்று ஒரு குத்து விழும். "அரே பாயி, ஸோனே தோ!" என்று தூங்கவிடச் சொல்லிக் குரல் வரும். அதன்பிறகு தலையணைக்கு மாறினார். மாதத்துக்கு ஒருமுறை நான் தலையணையைப் பிரித்துப் பஞ்சை உதறித் தைப்பேன்.

தலையணையில் குச்சி துள்ளாது. மணிக்கட்டுதான் முழு வேலையும் செய்ய வேண்டும் என்று சொன்னார். வலது கை ஒன்று சொல்லும், இடது கை வேறொன்று சொல்லும், இரண்டு காலும் தரையில் தனித்தனியாக எதையோ மிதித்துக்கொண்டிருக்கும். நான்கும் ஒரே ஆளுக்குச் சொந்தம் என்று நம்புவது கஷ்டமாக இருக்கும். அவர் வேலைக்குப் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு நானும் முயன்று பார்த்தேன். வலது கால் கூடவே வலது கையும் போனது. பிரித்துவிடலாம் என்று பார்த்தால் இரண்டும் ஸ்தம்பித்து நின்றன. அது எப்படி என்று அவரிடம் கேட்டதற்கு, "அத நினைச்சா வராது" என்றார். எனக்கு அது பதிலாகப் படவில்லை.

மழைக்காலத்தில் தோல் தளர்ந்துவிடும். டிரம் செட் முழுவதும் ஹோட்டலில்தான் இருக்கும். சின்ன டிரம்மை மட்டும் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். மண்ணெண்ணெய் ஸ்டவ்வை ஏற்றி, அதன் மேல் டிரம்மைத் தூக்கிப் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் காட்டுவார். அப்பளம் சுடுகிற பாவனையில் இருவரும் மாறி மாறிப் பிடித்திருக்கிறோம். நகத்தால் சுண்டினால் முதலில் மண்பானைச் சத்தம் வரும். சூடு ஏற ஏற அது கண்ணாடிச் சத்தமாக மாறும். சரியாக எந்தக் கணத்தில் மாறுகிறது என்று பிடித்துவிட வேண்டுமென்று நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருமுறைகூடப் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் சிக்கலாயிற்று. அன்று காலையில் அந்த ஹோட்டலில் ஊரிலுள்ள ஜாஸ்காரர்கள் எல்லாம் கூடி, யார் வேண்டுமானாலும் யாருடனும் சேர்ந்து வாசிப்பார்கள். எங்கள் கோவிலில் ஆராதனையும் அதே நேரத்தில்தான். உபதேசியார் வீட்டு மாப்பிள்ளையின் இடம் வாராவாரம் காலியாக இருந்தது.

"மாப்ளைக்கு ஞாயித்துக்கிழமையும் டூட்டியா?" என்று அப்பா கேட்டார்.

"ஆமாப்பா" என்றேன். அது உண்மைதான்.

அந்த டூட்டியைப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தனியாகப் போகத் தயக்கம். என்னோடு வேலை பார்த்த கணக்கு டீச்சர் மாட்டுங்காக்காரி. பாலக்காட்டுக் குடும்பம், வயலின் கற்றவள், சபாவில் கச்சேரி என்றால் சாப்பாட்டை மறந்துவிடுவாள். அவளிடம் சொன்னதும், "அங்கெல்லாம் பொம்மனாட்டிகள் போலாமோ?" என்று ஒரு கேள்வி கேட்டாள். பம்பாயில் மதுவிலக்கு இருந்த காலம். காபியும் ஐஸ்கிரீமும்தான் கிடைக்கும் என்றேன். "அப்போ வரேன்" என்றாள்.

மாஹிமில் லோக்கல் ரயில் ஏறிச் சர்ச்கேட்டில் இறங்கினோம். கதவைத் திறந்ததும் முதலில் குளிர். பிறகு சிகரெட்டுப் புகை. அதற்குப் பிறகுதான் சத்தம். பார்சிகளும் ஆங்கிலோ இந்தியர்களும் கல்லூரிப் பையன்களுமாக உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் மேடை. பியானோவுக்குப் பின்னால், பளபளக்கும் தட்டுகளுக்கு நடுவில், கோட்டைக் கழற்றிவிட்டு, சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு என் கணவர். தலையணைக்கு முன்னால் பார்த்த ஆள் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, தலையை ஒருபக்கம் சாய்த்து, யாரோ சொல்லும் ரகசியத்தைக் கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கணக்கு டீச்சர் வழக்கப்படி தொடையில் தாளம் போட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் கை நின்றது. மறுபடி போட்டாள். மறுபடி நின்றது.

"நாலு நாலாத்தான் போறது" என்று என் காதில் கத்தினாள். "ஆனா உங்காத்துக்காரர் சமத்தை, அந்த முதல் அடியை, விட்டுட்டு ரெண்டுலயும் நாலுலயும்னா மிதிக்கறார்! அந்தத் தட்டு ரெண்டும் சேர்றதே, பாரு."

"தப்பா அடிக்காவளா?"

"தப்புன்னா ஒருதரம் வரும். இது ஒவ்வொரு தரமும் வரது." அவள் முகம் கணக்கு ஒன்று விடைக்குப் பக்கத்தில் வந்துவிட்ட முகமாக இருந்தது. ஐஸ்கிரீம் உருகி ஓடியது. அவள் தொடவே இல்லை.

எனக்கு அவ்வளவு தெரியாது. சாக்ஸபோன்காரர் ஒரு மெட்டை வாசித்தார். பிறகு அதைக் கலைத்துப் போட்டார். மற்றவர்களும் ஆளுக்கொரு துண்டாக எடுத்துக்கொண்டு எங்கெங்கோ போனார்கள். கடைசியில் எல்லாரும் ஒரே வாசலில் வந்து நின்றார்கள். யாரும் யாருக்கும் சைகை காட்டவில்லை. அவர் எங்களைப் பார்த்ததும் திடுக்கிட்டார். கை நிற்கவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில், "பாதியில போனவங்க எல்லாரும் எப்படிச் சரியா வந்து சேந்தாங்க?" என்று அவரிடம் கேட்டேன்.

"மனசுக்குள்ள பாட்டு ஓடிக்கிட்டே இருக்குமுல்லா. எல்லாருக்கும் ஒரே பாட்டு."

"உங்களுக்கும் ஓடுமா? நீங்க கொட்டுத்தானே?"

"எனக்கு ஓடலன்னா அவங்க எங்க வந்து சேருவாங்க?" என்றார்.

அன்று நானும் கோவிலுக்குப் போகவில்லை என்பது மத்தியானத்துக்குள் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் வந்தார். உட்காரவில்லை. நான் எதையும் மறைக்காமல் சொன்னேன். மேனேஜர் வேலை இல்லை என்பதைவிட, ஆராதனை நேரத்தில் ஹோட்டலில் கொட்டு என்பதுதான் அவரைச் சுட்டது.

"மாப்ளே, ஆண்டவருக்கு ஒரு மணி நேரம் கிடையாதோ?"

"நீங்க ஒரு நாளைக்கு வந்து கேளுங்க மாமா" என்றார் இவர். மரியாதையாகத்தான் சொன்னார்.

"நான் ஹோட்டலுக்கு வாரதா?" அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு வெகுநாள் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அம்மா மட்டும் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவாள்.

மழை ஓய்ந்த ஒரு அக்டோபரில் அமெரிக்காவிலிருந்து ஒரு ஜாஸ் கோஷ்டி வந்தது. ஹோட்டலில் இல்லை, பெரிய அரங்கத்தில் கச்சேரி. இவர் ஒரு வாரமாகத் தரையில் நடக்கவில்லை. அந்தக் கோஷ்டியின் டிரம்மர் வாசித்த இசைத்தட்டைச் சிநேகிதர் வீட்டில் தேயத் தேயக் கேட்டவர். கச்சேரி அன்று காலையில் பியானோக்காரர் எங்கள் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். விமானத்தில் ஏற்றிய வாத்தியப் பெட்டிகளில் டிரம் பெட்டி மட்டும் வேறு ஊருக்குப் போய்விட்டதாம். சாயங்காலத்துக்குள் வராது. பம்பாயில் கைவசமிருக்கிற நல்ல செட் இவருடையதுதான்.

இவர் உடனே சட்டையை மாட்டினார்.

மத்தியானம் அரங்கத்தில் நடந்ததை அவர் சொல்லித்தான் தெரியும். டிரம்மர் உயரமான கறுப்பின மனிதர், மிருதுவாகப் பேசினாராம். தோலை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, தங்கள் ஊரில் எல்லாரும் பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டார்கள், தோலில் வாசித்து நாளாயிற்று என்றாராம். பிறகு இவர் கண்முன்னாலேயே எல்லாத் திருகுகளையும் தளர்த்தினார். தட்டுகளைத் தாழ்த்தினார். முக்காலியை உயர்த்தினார். இவர் பல வருஷம் இழைத்து இழைத்து வைத்திருந்ததெல்லாம் கொஞ்ச நேரத்தில் போயிற்று. "என் சட்டையை அவரு போட்டுக்கிட்டு நடந்தா மாரி இருந்துச்சு" என்றார்.

வாடகை வாங்க மாட்டேன் என்று சொன்னதால் அவர்கள் கைநிறைய டிக்கெட் கொடுத்தனுப்பினார்கள். நான் ஒன்றை எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போனேன். "ஹோட்டல் இல்லப்பா. பெரிய ஹால். கவர்னரெல்லாம் வருத இடம். மாப்ளையோட கொட்டத்தான் அமெரிக்காக்காரர் வாசிக்கப் போறாரு." அப்பா டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வருகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் ஆறு மணிக்கு வெள்ளை ஜிப்பாவும் அங்கவஸ்திரமுமாக அரங்க வாசலில் நின்றார்.

நான்கு பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். அப்பா, நான், கணக்கு டீச்சர், கடைசியில் இவர். திரை விலகியதும் அப்பா என் பக்கம் குனிந்தார். "நம்ம தெக்கத்தி ஆளு மாரில்லா இருக்காரு!"

கச்சேரியை எப்படிச் சொல்வது? நான் அடுப்பின் மேல் பிடித்த அதே டிரம். அதன் ஓரத்தில் ஒரு சின்னக் கீறல் எனக்கு அடையாளம் தெரியும். அதிலிருந்து வந்த சத்தத்தை நான் கேட்டதே இல்லை. அந்த அமெரிக்கர் அதிகம் அடிக்கவில்லை. கம்பித் துடைப்பம் மாதிரி ஒன்றை வைத்துத் தோலின் மேல் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரேயொரு தட்டு. பிறகு ஒன்றுமே இல்லை. எல்லாரும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தோம். அந்த ஒன்றுமில்லாத இடத்தில் பாட்டு நடந்துகொண்டிருப்பது எனக்கே கேட்டது. மனசுக்குள் ஓடும் என்று அன்றைக்கு ரயிலில் சொன்னாரே, அது இதுதான் என்று பட்டது. கணக்கு டீச்சர் தொடையில் கையை வைத்தபடி வைத்திருந்தாள். தாளம் போடவில்லை.

முடிவில் அந்த மனிதர் ஒலிபெருக்கி முன் வந்து, தனக்கு டிரம் கொடுத்த நண்பர் இங்கே இருக்கிறார் என்று இவர் பேரைச் சொல்லிக் கையைக் காட்டினார். அரங்கம் முழுவதும் திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. அப்பா எழுந்து நின்றே கைதட்டினார். வெளியே வந்ததும் இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ளே, எனக்கு இது ஒண்ணும் புரியல. ஆனா அவ்வளவு பெரிய மனுசன் உம்ம பேரச் சொன்னாருல்லா!"

மறுவாரம் அப்பா பழையபடி எங்கள் வீட்டுக்கு வந்து டீ குடித்தார். கோவிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் மாப்பிள்ளையின் கொட்டுக்கு அமெரிக்காவில் இருக்கும் மதிப்பைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆராதனைக்கு வரவில்லையே என்ற பேச்சை மட்டும் விட்டுவிட்டார்.

இங்கே என் கணவரோ வீட்டில் குச்சியைத் தொடவில்லை. வேலைக்குப் போவார், வருவார். பகலில் தலையணை சும்மா கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்து மராட்டிக்காரரே வெளியில் என்னை நிறுத்தி, "பாயிக்கு உடம்பு சரியில்லையா?" என்று இந்தியில் விசாரித்தார்.

நான் மெல்ல ஆரம்பித்தேன். "என்ன செய்யுது உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல."

"அவரு நல்லா வாசிச்சதா உறுத்துது?"

"நான் நல்லா வாசிக்கதா நினைச்சிட்டிருந்தது." பிறகு அவரே கேட்டார். "நீ சொல்லு. உனக்கு என்ன கேட்டுச்சு?"

சங்கீதம் தெரியாதவள் என்ன சொல்வது? கேட்டதைத்தான் சொல்ல முடியும். "அவரு சும்மா இருந்தாருல்லா, அந்த இடந்தான் எனக்குப் பிடிச்சுது. நீங்க சும்மாவே இருக்க மாட்டேங்கிய. யாராவது வாயத் தொறக்குமுன்ன பதில் சொல்லிருதிய."

அவர் முகம் கறுத்தது. எழுந்து வெளியே போனார். போய்த் தெருமுனை இரானி ஹோட்டலில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, "அப்ப எங்கெங்க சும்மா இருக்கணும்?" என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? அத நினைச்சா வராதுன்னு சொல்லுவிய."

அடுத்த ஞாயிறு நானும் கணக்கு டீச்சரும் போயிருந்தோம். அன்று அவர் அடிக்காமல் அவ்வளவு இடம் விட்டதில், பியானோக்காரர் வாசிப்பதை நிறுத்தாமலே கழுத்தைத் திருப்பி, ஆள் மயங்கி விழுந்துவிட்டாரா என்று பார்த்தார். கணக்கு டீச்சர் சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சாக்ஸபோன்காரர் பாதிவழியில் தடுமாறி வேறெங்கோ போய் நின்றார். "இண்ணைக்கு மானம் போச்சு" என்றார் இவர், ரயிலில். ஆனால் மறுநாள் மறுபடி தலையணையும் குச்சியுமாக உட்கார்ந்துவிட்டார்.

வர வேண்டிய இடமும் விட வேண்டிய இடமும் கைக்குப் பிடிபட அவருக்கு ஓரிரண்டு வருஷம் ஆகியிருக்கும். கம்பித் துடைப்பத்தைச் சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து அவரே செய்துகொண்டார். பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் தேய்த்துப் பழகுவார். அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்கினார். மகள் பிறந்து, தொட்டிலில் கிடந்த நாட்களில் அவளும் அதில்தான் தூங்கினாள். நான் அடுப்பு வேலைக்கு நடுவில் காதை அந்தப் பக்கம் வைத்திருப்பேன். சில நாள் எனக்குத் தோன்றிய இடத்தில் அவர் விடுவார். பல நாள் நான் நினைத்தே பார்க்காத இடத்தில் விடுவார். அப்போது கையிலிருந்த கரண்டி அப்படியே நிற்கும்.

அறுபதுகள் முடிகிற சமயத்தில் ஹோட்டல்காரர்களின் ரசனை மாறியது. கிடார் வைத்துக்கொண்டு தலைமுடி வளர்த்த பையன்கள் வந்தார்கள். ஆடுவதற்கு அதுதான் வசதி என்றார்கள். பியானோக்காரர் தன் அக்காவோடு இருக்கக் கனடாவுக்குப் போனார். பாண்டு கலைந்தது. இவருக்கு அந்தப் பையன்கள் மேல் வருத்தம் இருக்கும் என்று நினைத்துக் கேட்டேன். "நல்லாத்தான் அடிக்கானுவ. ஆனா கத்திக்கிட்டே இருக்கானுவ. காது போயிரும்" என்றார். அவ்வளவுதான்.

செம்பூர்ப் பக்கம் சினிமா ரெக்கார்டிங்குக்கு ஆள் எடுத்தார்கள். பெரிய வாத்தியக் கூட்டம். அதில் மெதுவாக வாசிக்கத் தெரிந்த தாளக்காரர் அவர்களுக்கு வேண்டியிருந்தது. எங்களுக்கும் செம்பூரில் வீட்டு வசதி வாரியத்தின் கட்டடம் ஒன்றில் இரண்டு அறை கிடைத்தது. நான் பள்ளிக்கூடத்துக்கு குர்லாவில் மாறிச் சயான் வந்து இறங்கி நடந்தேன்.

ஜாஸ் வாசித்தவருக்கு அந்த வேலை சலிக்கும் என்று எதிர்பார்த்தேன். எழுதிக் கொடுத்ததை வாசிக்க வேண்டும். அதுவும் சில நாள் ஒரு முக்கோணக் கம்பி, சில நாள் ஒரு கிலுகிலுப்பை. அவரோ சாயங்காலம் வந்ததும் குழந்தை மாதிரி சொல்ல ஆரம்பிப்பார். மழைச் சத்தத்துக்கு எவனோ முறத்தில் பட்டாணியை உருட்டினான். குதிரைக்குத் தேங்காய்ச் சிரட்டை. இத்தனை வயலினும் ஒன்றாக நிறுத்தினால் அறையே மூச்சு விட்ட மாதிரி இருக்கிறது என்பார். இந்த வீட்டில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது நான் மட்டுமில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

ஒருநாள் என்னையும் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். பாட்டை ஓட்டிக் காட்டினார்கள். எவ்வளவு கவனித்தும் அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நீங்க எங்க இருக்கிய?"

"பல்லவி முடியும்போது தொண்டையச் செருமுத மாரி ஒரு சத்தம் கேட்டுதா?"

"ஆமா. யாரோ இருமிட்டாங்கன்னு நினைச்சேன்."

"அதான் நான்."

துடைப்பத்தை டிரம்மின் மேல் அழுத்தி ஒரே இழுப்பாக இழுத்து, நடுவிரலால் ஓரத்தைத் தட்டியிருக்கிறார். இசையமைப்பாளர் அந்த இடத்தைக் காலியாகத்தான் விட்டிருந்தாராம். ஒத்திகையில் இவர் கை தானாகப் போட்டது. அது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

படம் ஓடியதா என்று நினைவில்லை. பாட்டு ஓடியது. இரானி ஹோட்டல், பான் கடை, பக்கத்து வீடு என்று எங்கு ரேடியோ பாடினாலும் நான் பல்லவி முடியும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் நகர்வேன்.

ஒருநாள் மத்தியான இடைவேளையில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் கயிறு தாண்டிக்கொண்டு அந்தப் பாட்டைப் பாடினார்கள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிற பிள்ளைகள். இந்திப் பாட்டு மட்டும் வார்த்தை பிசகாமல் வந்தது. பல்லவி முடிந்ததும், வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சேர்ந்து நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, "க்ர்ர்ர்-டக்!" என்றார்கள். கயிறு சுற்றியது. மறுபடி பாடினார்கள். மறுபடி "க்ர்ர்ர்-டக்!"

கணக்கு டீச்சர் வராந்தாவில் எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். "கேட்டியோ?" என்றாள்.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தவர் துண்டை இறக்கினார்.

"சரியான இடத்துலயா போடுதாவ?"

"கொஞ்சம் முந்திப் போடுதாவ."

"எவ்வளவு முந்தி?"

பாடிக் காட்டச் சொன்னார். நான் பாடினேன். எனக்குப் பாட வராது. பிள்ளைகள் போட்ட இடத்தில் நாக்கைத் தட்டினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். இன்னொரு தடவை என்றார். பாடினேன்.

"அதுதான் நல்லா இருக்கு" என்றார்.